அஞ்சாம் வகுப்புக்கு அம்பேத்கர்

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதை வராதுண்ணா, நவம்பர் மாசம் பள்ளிக்கூடத்துல பேசினதை வேணா எழுதித் தரேன் என்றேன். சரி என்றார். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசியதை விடப் பேசாமல் விட்டது அதிகம் என்று. ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2015-லிருந்து ஆண்டுதோறும் நவம்பர் 26 அரசியலமைப்புச் சட்ட நாள். அன்று காலையில் நாமெல்லாம் வரிசையாக நின்று முகவுரை வாசித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உண்மையைச் சொல்லட்டுமா? இறையாண்மை என்ற வார்த்தைக்கு ஒரு வாரம் முன்பு வரை எனக்கு அர்த்தம் தெரியாது. பக்கத்தில் நின்றவளுக்கு அன்றைக்கும் தெரியாது. மதியம் சங்கத்தின் சார்பில் வேங்கிக்கால் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போய் பிள்ளைகளிடம் பேசுவதாக ஏற்பாடு. நாலு பேர். ஒரு வாரம் முன்னாடியே சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஒருத்தருக்குத் தேசியக் கொடி, ஒருத்தருக்குத் தேர்தல், ஒருத்தருக்குக் குழந்தைகள் உரிமை. எனக்கு அம்பேத்கர்.

அவரைத் தெரியாதவர் யார்? நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம், நீட்டிய விரல். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கிறது. அப்பா வருஷத்துக்கு ஒருதரம் துடைத்துப் பொட்டு வைப்பார். ஆனால் அப்பா நாலாவதோடு நின்றவர். பதினோரு வயதில் செங்கல் சூளைக்குப் போனவர். அவருக்கும் படத்தில் இருப்பவர் என்ன செய்தார் என்று முழுசாகச் சொல்லத் தெரியாது. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, பாடப் புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோன மனிதர் வேறு ஆளாக எழுந்து வந்தார்.

வகுப்பில் முப்பது முப்பத்தஞ்சு பிள்ளைங்க. நான் சட்டமேதை, சமூகநீதிச் சுடர் என்று எழுதி வைத்திருந்ததை ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மும்முரமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். ஒரு பெண் கொட்டாவி விட்டது. சரி என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் ரயிலேறிப் போன கதையைச் சொன்னேன். பென்சில் நின்றது.

அந்தப் பையன் பீமா. 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில், பெற்றோருக்குப் பதினாலாவது பிள்ளையாகப் பிறந்தவன். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அம்மா பீமாபாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் சதாராவில் அத்தையோடு இருந்தார்கள். அப்பாவுக்குக் கோரேகாவ் என்ற இடத்தில் காசாளர் வேலை. பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அங்கே அரசாங்கம் ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. 1901-ல் லீவுக்கு வரச்சொல்லி அப்பா கடிதம் போட்டார். புதுச் சட்டை, புது ஷூ, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று அண்ணனோடும் அக்கா மகன்களோடும் கிளம்பியாயிற்று. முதல் ரயில் பயணம்! மசூர் ஸ்டேஷனில் சாயங்காலம் இறங்கினால் கூட்டிப் போக ஆளைக் காணோம். இவர்கள் போட்ட பதில் கடிதம் அப்பாவுக்குக் கிடைக்கவே இல்லை.

நல்ல உடுப்பில் நாலு பிள்ளைகள் நிற்பதைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாகத்தான் விசாரித்தார். யாரு நீங்க என்றார். பீமா யோசிக்காமல் மகார் சாதி என்று சொல்லிவிட்டான். அவர் முகம் மாறிப் போயிற்று. உள்ளே போய்விட்டார். வெளியே நின்ற மாட்டு வண்டிக்காரர்கள் ரெட்டைக் கூலி கொடுத்தாலும் ஏற்ற மாட்டேன் என்றார்கள். கடைசியில் ஒருத்தர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ரெட்டைக் கூலியும் வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். ராத்திரி முழுக்கக் கட்டுச்சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லை. யாரும் தரவில்லை. பசியோடு வண்டிக்குள்ளேயே படுத்து, மறுநாள் பகல் பதினோரு மணிக்குத்தான் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

காசுதான் இருக்கே, பின்ன ஏன் ஏத்தல என்று முன் வரிசைப் பெண் ஒன்று கேட்டது. பாருங்கள், அம்பேத்கர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வியை அது ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டது. நான் என்ன சொல்ல? பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று மேலே போனேன். மற்றப் பிள்ளைகளைத் தொடாமல் தனியாக, வீட்டிலிருந்து கொண்டு போன சாக்கில் உட்கார வேண்டும். அந்தச் சாக்கையும் சாயங்காலம் வீட்டுக்கே எடுத்துப் போய்விட வேண்டும். குழாயைத் தொடக் கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. முடிதிருத்துபவர் வெட்ட மாட்டார் என்பதால் அக்காதான் வீட்டில் வெட்டிவிடுவார். சமஸ்கிருதம் படிக்க ஆசை. வாத்தியார் சேர்க்கவில்லை என்பதால் பாரசீகம் எடுத்தான்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஆயா ஞாபகம்தான். எங்கள் ஆயா இளவயசில் மல்லாட்டை பிடுங்கப் போகும்போது டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றுவார்களாம். அதைச் சொல்லும்போது ஆயா சிரிக்கும். ஏன் சிரிக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

பம்பாய் வந்த பிறகு குடும்பமே ஒற்றை அறையில் இருந்தது. அப்பா ராம்ஜி கடன் வாங்கியாவது புத்தகம் வாங்கித் தருவார். மகள்களின் நகையை அடகு வைத்தாவது வாங்கித் தருவார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரி. பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் உதவித்தொகை கொடுத்தார். 1912-ல் பி.ஏ. மறு வருஷம் பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். பிள்ளை பட்டம் வாங்கியதைப் பார்த்தார், அதன் பலனை அனுபவிக்கவில்லை. அதே 1913-ல் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவியில், மூன்று வருஷத்துக்கு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். பிறகு லண்டன். பட்டங்களை வரிசையாகச் சொன்னால் பக்கம் நிரம்பிவிடும். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்து படிப்பு பாதியில் நிற்க, ஒப்பந்தப்படி வேலை பார்க்கப் பரோடாவுக்கு வந்தார்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கப்பலேறிப் படித்துவிட்டு வந்த இருபத்தாறு வயது அதிகாரிக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பேர் தடியோடு வந்து அறை வாசலில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். சிநேகிதர்களிடம் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் வழியில்லை. சாமான்களோடு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்து, ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார்.

நான் முதல் வருஷம் சேர்ந்தபோது, காலேஜுக்குக் கிட்டத்தில் ஒரு போர்ஷன் பார்க்க அப்பாவும் நானும் போனோம். அட்வான்ஸ் பேசி முடித்தாயிற்று. எந்த ஊர் என்றார்கள், சொன்னோம். ஊருக்குள்ளயா, காலனியா என்றார்கள். அப்பா சொன்னார். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு காலேஜில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால், பஸ் ஸ்டாப் பக்கத்திலே என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பரோடா கதையைப் படித்த அன்று நூலகத்தில் ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். எங்கள் ஊர் பஸ் கண்டக்டருக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை.)

பிறகு அவர் கல்லூரிப் பேராசிரியரானார், 1920-ல் மூக்நாயக் பத்திரிகை தொடங்கினார், பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடித்தார், வக்கீலானார். இந்தக் காலமெல்லாம் வீட்டில் மனைவி ரமாபாய் பட்ட கஷ்டத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிறந்த ஐந்து குழந்தைகளில் நாலைப் பறிகொடுத்தவர் அந்த அம்மா. மிஞ்சியது யஷ்வந்த் ஒருவர்தான். 1935-ல் ரமாபாயும் போய்விட்டார்.

மகாட் கதையைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொன்னேன். மகாட் ஊரில் சவுதார் குளம் என்று ஒன்று. எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று நகராட்சியே தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் நடைமுறையில் ஆடு மாடு குடிக்கலாம், இவர்கள் குடிக்க முடியாது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகப் போய்க் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தார்கள். அன்றே அடிதடி. குளம் தீட்டாகிவிட்டது என்று சாணியும் கோமியமும் கொட்டிச் சுத்தம் செய்தார்கள். வழக்கு பத்து வருஷம் நடந்து 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து வருஷம்!

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் பக்கத்துக்காரர், செங்கல்பட்டுச் சீமை கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். இதை நம்மில் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்? அதன் தொடர்ச்சியாக 1932-ல் வந்த புனா ஒப்பந்தம் பெரிய விவகாரம். இந்த மலரில் அதற்கு இடம் பத்தாது.

நம்மைப் போல டிப்ளமா படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இனிமேல்தான். 1942-லிருந்து 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 1946-ல் 48 மணியானது அவர் கொண்டுவந்த திருத்தத்தால்தான். நாளைக்கு நாம் அப்ரென்டிஸ் போகும் கம்பெனியில் ஷிப்டு எட்டு மணி என்றால் சும்மா வந்ததில்லை. மின்சாரமும் அப்போது அவர் துறையில்தான். 1944-ல் மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம், 1945-ல் இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தாயான அமைப்பு, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் ஆரம்ப வேலைகள் எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை. சட்டப் புத்தகத்தோடு சிலை வைத்துவிட்டதால் டிரான்ஸ்மிஷன் லைனை நாம் மறந்துவிட்டோம்!

சரி, அரசியலமைப்புக்கு வருவோம். முதலில் அதை எப்படி அஞ்சாம் வகுப்புக்குச் சொல்வது என்று எனக்குக் குழப்பம். கபடி ஆடுவீங்களா என்று கேட்டேன். ஆடுவோம் என்றார்கள். கோடு யார் போடுவது, அவுட்டு யார் சொல்வது என்றேன். பெரிய அண்ணனுங்க என்றார்கள். அவுங்களே கோட்டைத் தாண்டினா என்றேன். ஏமாத்துவாங்க என்று எல்லாரும் ஒரே குரலில்! ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாடியே, பெரிய அண்ணன்களையும் சேர்த்துக் கட்டிப்போடுகிற மாதிரி எல்லாரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்ட விதிதான் இது என்றேன். புரிந்த மாதிரிதான் இருந்தது. நம் பிரிவு ஆட்களுக்குச் சொல்வதென்றால் எர்த்திங். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை யாரும் அதை நினைப்பதில்லை. இன்சுலேஷன் போய், மெஷினைத் தொட்ட பிறகுதான் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

அந்த விதியை எழுத அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. பம்பாயிலிருந்து அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. ஜோகேந்திரநாத் மண்டல் போன்றவர்கள் துணையால் வங்காளத்திலிருந்து தேர்வானார். பிரிவினையில் அந்த இடம் போய்விட, 1947-ல் பம்பாயிலிருந்து மறுபடி வந்தார். ஆகஸ்ட் 29-ல் ஏழு பேர் கொண்ட வரைவுக் குழு அமைந்தது. தலைவர் அம்பேத்கர். சென்னையின் பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் ஆகியோரும் அதில் உண்டு. பி.என். ராவ் தயாரித்துக் கொடுத்த முதல் வரைவை வைத்துக்கொண்டு வேலை நடந்தது. ஆக, எல்லாவற்றையும் அவர் ஒருவரே எழுதினார் என்று மேடையில் சொல்வது சரியில்லை. ஆனால் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதற்கு அதே குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே சாட்சி. ஒருவர் ராஜினாமா, ஒருவர் மரணம், ஒருவர் வெளிநாடு, ஒருவருக்கு அரசாங்க வேலை, ஒன்றிரண்டு பேர் டெல்லிக்குத் தொலைவில் இருந்தார்கள், கடைசியில் சுமை அம்பேத்கர் மேல்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே பேசினார். அப்போது அம்பேத்கர் நீரிழிவாலும் நரம்பு வலியாலும் தவித்துக்கொண்டிருந்தவர்.

வந்த திருத்தங்கள் 7,635. அதில் 2,473 சபையில் விவாதத்துக்கு வந்தன. அவற்றில் பலவற்றுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவர் அவர். குழாயைத் தொடக் கூடாது என்று நிறுத்தி வைக்கப்பட்ட பையன்! தீண்டாமையை ஒழிக்கும் விதி 1948 நவம்பர் 29-ல் நிறைவேறியது. இன்று அது 17-வது பிரிவு. பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் வைக்கக் கூடாது என்பது 24-வது பிரிவு. இதைப் படித்த அன்று ராத்திரி, அப்பா சூளைக்குப் போன வருஷத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். பிரிவு வந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீ சாப்பிட்டியா என்றார்.

2 வருஷம் 11 மாதம் 17 நாள் கழித்து, 1949 நவம்பர் 26 அன்று 395 பிரிவுகளோடு சட்டம் நிறைவேறியது. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், நவம்பர் 25 அன்று, எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எச்சரிக்கைதான் செய்தார். ஓட்டில் எல்லாரும் சமம் என்று ஆக்கிவிட்டோம், வாழ்க்கையில் ஆக்கவில்லை, இந்த முரண்பாட்டை நீளவிட்டால் கட்டியது இடிந்துபோகும் என்ற பொருளில் பேசினார். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். படிப்பு, சொத்து எதையும் கேட்காமல் எங்கள் கொள்ளுத்தாத்தா போன்றவர்களுக்கும் ஒரு ஓட்டு. அப்போது 21 வயது ஆக வேண்டும், 1989-லிருந்து 18. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அட்டைக்கு மனு போட்டிருக்கிறேன்.

நாம் இங்கே உட்கார்ந்து படிப்பதற்கும் அவருக்கும் நேர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் உத்தரவு பல ஆண்டாக இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில், புது அரசியலமைப்புக்கு அது விரோதம் என்று உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டன. தமிழ்நாடே கொதித்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். அதே வருஷம் ஜூனில் முதல் திருத்தமாக 15(4) சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடிய சட்ட அமைச்சர் அம்பேத்கர். தான் முன்னின்று செய்த சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது என்றதும், வீம்பு பிடிக்காமல் சரி செய்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை எவ்வளவோ போராடியும் அவரால் நிறைவேற்ற முடியவில்லை. 1951 செப்டம்பரில் பதவியை விட்டார். அதுவும் ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தலில் பம்பாயிலேயே தோற்றார் என்பது நம்ப முடிகிறதா? அந்த மசோதா பிறகு துண்டு துண்டாக 1955-56-ல் சட்டமானது. தமிழ்நாட்டில் 1989-ல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. எங்கள் வீட்டில் பங்கு போட ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டெல்லியில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. 65 வயது.

17-வது பிரிவு வந்து எழுபது வருஷம் தாண்டி, 2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகப் போனார்கள். கலெக்டர் கூடவே இருக்க, போலீஸ் பாதுகாப்போடு பொங்கல் வைத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆயா அந்தச் செய்தியை டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தது.

பேசி முடித்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். முன் வரிசைப் பெண் என் ஊர் பெயரைக் கேட்டது. சொன்னேன். ஊருக்குள்ளயா, காலனியாக்கா என்றது. குழந்தைதானே, வீட்டில் கேட்பதைக் கேட்கிறது. காலனி என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அது தலையை ஆட்டிவிட்டு, எங்க அத்தையும் அங்கதான் என்றது. இதைப் படிக்கும் என் வகுப்புத் தோழிகள் இரண்டு மூன்று பேருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். நேரில் சொல்ல வராததால் மலரில் சொல்கிறேன்.

பென்சில் பையன் கடைசியாக எழுந்தான். சட்டம் எழுதினவரை எதுக்குக்கா எங்க ஊர்ல கம்பிக் கூண்டுக்குள்ள நிக்க வச்சிருக்காங்க என்றான். சிலையை உடைத்துவிடுவார்கள் என்று என்றேன். யாரு என்றான். நான் திணறும்போதே அடுத்த கேள்வி, சாவி யார்கிட்ட இருக்கு? அதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் எங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். எங்கள் ஊரிலும் கூண்டுதான். ஏப்ரல் 14, டிசம்பர் 6 இரண்டு நாளும் மாலை போடத் திறப்பார்களாம். சாவி யாரிடம் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. விசாரித்து வைக்கிறேன் என்றார்.

வரும் நவம்பரிலும் அதே பள்ளிக்குப் போகிறோம். இந்த முறை மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருப்பதால் இன்னும் நாலு பேராவது தேவை. வர விருப்பமுள்ளவர்கள் சங்க அறையில் பெயர் கொடுங்கள். சாக்பீஸ் நாமே கொண்டு போக வேண்டும்.